கல்லா நிறைந்தது, மனம் நிறைந்ததா?



நம் இதழில் வழக்கமாக வரி, உரிமம், எடை அளவு, கடை வாடகை, விலை நிலவரம் இவற்றைப் பற்றித்தான் எழுதுகிறோம். அவையெல்லாம் தேவைதான். நம் பிழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி மொத்த வியாபாரம் செய்து வருகிறவன் என்ற முறையில், நம்மில் பலர் மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே பேசாத ஒரு விஷயத்தை இந்த முறை எழுத விரும்புகிறேன். வியாபாரம் முன்பைவிடப் பெருகியிருக்கிறது. சந்தோஷம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. சிலருக்குக் குறைந்தே போயிருக்கிறது. இது ஏன்?

நான் கிறிஸ்தவன். ஆகையால் எனக்குத் தெரிந்த வேதாகமத்தையும் திருச்சபை வரலாற்றையும் வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். இந்த இதழை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் இந்து சமயத்தவர்கள். இஸ்லாமியச் சகோதரர்களும் கணிசமாக உண்டு. நாமெல்லாம் ஒரே தெருவில் கடை போட்டு, ஒரே லாரியில் சரக்கு இறக்குகிறவர்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒருவர் வீட்டுப் பலகாரத்தை இன்னொருவர் வாங்கிச் சாப்பிடுவது போல இதையும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செழிப்பு யாருக்கு?

"அண்ணாச்சி, நீங்கள் மொத்த வியாபாரி. சில்லறைக் கடைக்காரனுக்கு ஏது செழிப்பு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய அங்காடிகளும், செல்போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குச் சரக்கைக் கொண்டுவரும் நிறுவனங்களும் நம் வயிற்றில் அடிக்கிற காலம் இது. நொடித்துப்போன கடைகளும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் நம் தகப்பனார் காலத்துக் கடையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சைக்கிள் கேரியரில் ஒரு மூடை. நாள்வழியும் பேரேடும் அவரே எழுதுவார். நல்ல சட்டை இரண்டு. இன்று அதே கடைக்கு லோடு ஆட்டோ இருக்கிறது, கம்ப்யூட்டர் பில் இருக்கிறது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கணக்குப் பார்க்கத் தனியாக ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் பொறியியல் படித்திருக்கிறார்கள். சொந்த வீடு கட்டியிருக்கிறோம். கூடக் குறைய, நம்மில் பெரும்பாலோர் தகப்பனாரைவிட வசதியாகத்தான் இருக்கிறோம்.

தகப்பனார் இரவு எட்டரை மணிக்குக் கடை அடைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசிச் சிரித்தார். நாம் பதினொரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, சாப்பிடும்போதும் செல்போனைப் பார்க்கிறோம். பக்கத்துக் கடையில் எண்ணெய் என்ன விலை என்ற கவலை படுக்கை வரை கூடவே வருகிறது. பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. கடையைத் திறந்து வைக்க அனுமதி கிடைத்துவிட்டது. எப்போது மூடுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைச் செய்ய முடியாமல் தவிக்கிறவர்கள் பலரை நான் அறிவேன்.

இரண்டு பணக்காரர்கள்

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் 18-ஆம் அதிகாரத்தில் ஒரு பணக்காரரும் 19-ஆம் அதிகாரத்தில் இன்னொரு பணக்காரரும் வருகிறார்கள். அடுத்தடுத்து இவர்களைப் படிக்கும்போது நமக்கு வேண்டிய பாடம் கிடைக்கிறது.

முதலாமவர் ஒரு தலைவர். சிறு வயது முதல் கட்டளைகளைக் கைக்கொண்டு ஒழுங்காக வாழ்ந்தவர். களவு கிடையாது, பொய்ச் சாட்சி கிடையாது. அப்படிப்பட்டவர் நித்திய ஜீவனைப் பற்றி இயேசுநாதரிடம் கேட்க வந்தார். சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மோடு வரும்படி இயேசுநாதர் சொன்னார். அந்த மனிதருக்குப் பெரிய துக்கம் வந்துவிட்டது. அவருக்குச் சொத்து அதிகம் என்பதையே அதற்குக் காரணமாக லூக்கா எழுதுகிறார்.

இரண்டாமவர் எரிகோ பட்டணத்துச் சகேயு. வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவர். கூட வாங்கிச் சேர்த்தவர் என்று ஊரே அவரை வெறுத்தது. உருவத்தில் குள்ளமானவர். கூட்டத்தில் இயேசுநாதரைப் பார்க்க முடியாமல் காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். இயேசுநாதர் நிமிர்ந்து பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று உன் வீட்டில் தங்குவேன் என்ற பொருளில் சொன்னார். சகேயு சந்தோஷத்தோடு இறங்கி வந்து அவரை வரவேற்றார். பிறகு தம் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார்.

வியாபாரிகளாகிய நாம் இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சந்தோஷம் முன்னால் வந்தது, கொடுப்பது பின்னால் வந்தது. ஊரார் வெறுத்த தன்னையும் கடவுள் தேடி வந்தார் என்ற மகிழ்ச்சியில் அவர் கை தானாகத் திறந்தது. இரண்டாவது, இயேசுநாதர் அவரிடம் தொகை எதையும் கேட்டதாக இல்லை. பாதி என்று சொன்னது சகேயுதான். மீதிப் பாதியை வைத்துக்கொண்டதற்காக அவரைக் கண்டிக்கவும் இல்லை. மூன்றாவது, தர்மம் வேறு, பழைய கணக்கை நேர் செய்வது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். தராசில் குறைத்ததை உண்டியலில் போட்டால் கணக்கு நேராகிவிடாது. யாருக்குக் குறைந்ததோ அவருக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

ஒருவர் துக்கத்தோடு இருந்தார், மற்றவர் சந்தோஷத்தோடு இருந்தார். இருவரும் பணக்காரர்கள்தான். ஆகவே பணம் இருப்பதால் சந்தோஷம் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

பெரிய கிட்டங்கி கட்ட நினைத்தவர்

அதே லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் இயேசுநாதர் சொன்ன உவமை ஒன்று உண்டு. இதை வாசிக்கும்போதெல்லாம் என் தொழிலைப் பற்றியே சொல்லியிருக்கிறாரோ என்று தோன்றும். ஒரு நிலக்காரருக்கு அமோக விளைச்சல். தானியத்தை வைக்க இடம் போதவில்லை. பழைய களஞ்சியத்தை இடித்துவிட்டுப் பெரியதாகக் கட்டலாம், பல வருஷத்துக்குக் கவலையில்லாமல் சாப்பிட்டுக் குடித்துச் சந்தோஷமாக இருக்கலாம் என்று முடிவு செய்தார். அன்று இரவே அவர் உயிர் போகிறது.

விளைந்தது தப்பு என்றோ, இருப்பு வைப்பது தப்பு என்றோ அந்த உவமை சொல்லவில்லை. இருப்பு வைக்காமல் நாம் வியாபாரம் செய்ய முடியுமா? கவனிக்க வேண்டியது வேறு. அந்த மனிதர் யாரிடம் பேசுகிறார்? முழுவதும் தன்னிடமே பேசிக்கொள்கிறார். என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா என்றே யோசிக்கிறார். மனைவி மக்கள், வேலையாட்கள், அண்டை வீட்டார் யாரும் அந்தப் பேச்சில் வரவில்லை. கடவுளும் வரவில்லை. சந்தோஷமாக இருக்கலாம் என்று திட்டம் போடுகிறார், கூட இருந்து சந்தோஷப்பட ஒருவரும் இல்லை. இன்று நம்மில் சிலருடைய நிலைமை இதுதான். வீடு நாலு மாடி, பேசுவதற்கு ஆள் இல்லை.

ரசீது எழுதிய கைதி

கிறிஸ்தவ வேதத்தில் மகிழ்ச்சியின் நிருபம் என்று பெயர் பெற்றது பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய கடிதம். நான்கே அதிகாரங்கள். அதன் மூலமொழியான கிரேக்கத்தில், மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் சுமார் 16 இடங்களில் வருகின்றன. இதை அவர் சிறையிலிருந்து எழுதினார்.

இந்தச் சபை தொடங்கியதில் ஒரு வியாபாரிக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பெயர் லீதியாள். இன்றைய துருக்கி நாட்டில் இருந்த தியத்தீரா ஊர்க்காரர். வட கிரீஸில் இருந்த பிலிப்பியில் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த செவ்வூதா நிறத் துணி விற்று வந்தார். செல்வந்தர்கள் வாங்குகிற சரக்கு அது. பவுல் சொன்னதைக் கேட்டு விசுவாசித்தவுடன் லீதியாள் செய்த முதல் காரியம், பவுலையும் கூட வந்தவர்களையும் வற்புறுத்தித் தம் வீட்டில் தங்க வைத்தது. பவுல் அடிபட்டுச் சிறையிலிருந்து வெளியே வந்தபோதும் அந்த வீட்டுக்குத்தான் போனார்.

பின்பு அந்தச் சபையார் பவுலுக்குப் பலமுறை பண உதவி அனுப்பினார்கள். அதற்கு நன்றி சொல்லும்போது பவுல் வியாபாரிகள் பேசுகிற கணக்குப் பேச்சிலேயே எழுதுகிறார். கொடுக்கல் வாங்கல் என்கிறார். உங்கள் பெயரில் வரவு ஏறுகிறது என்ற கருத்தில் எழுதுகிறார். எல்லாம் வந்து சேர்ந்தது என்று அவர் எழுதிய கிரேக்கச் சொல், அந்தக் காலத்து ரசீதுகளில் பணம் முழுவதும் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக எழுதப்பட்ட சொல் என்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். வேத புத்தகத்துக்குள் ஒரு ரசீது இருப்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த ஆச்சரியம்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. குறைவில் எப்படி இருப்பது என்றும், நிறைவில் எப்படி இருப்பது என்றும் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்கிறார். குறைவைத் தாங்குவதற்கு நமக்குப் பயிற்சி உண்டு. விலை சரிந்தால் என்ன செய்வது, பார்ட்டி பணம் தராவிட்டால் என்ன செய்வது என்று தகப்பனார் சொல்லிக் கொடுத்தார். நிறைவைத் தாங்க நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதுவும் கற்க வேண்டிய ஒரு பாடம் என்று நாம் நினைத்ததே இல்லை. நம் சங்கடம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

28 பவுண்டில் நின்றவர்

இந்தப் பாடத்தைப் படித்துத் தேறிய ஒருவரைச் சொல்கிறேன். மெதடிஸ்ட் திருச்சபை உருவாகக் காரணமாக இருந்த ஜான் வெஸ்லி, இங்கிலாந்து தேசத்தவர், 1703 முதல் 1791 வரை வாழ்ந்தவர். அவர் தம் பிரசங்கம் ஒன்றில் ஆக்ஸ்போர்டு இளைஞர் ஒருவரின் கணக்கைச் சொல்கிறார். அந்த இளைஞர் வெஸ்லியேதான் என்று பலரும் கருதுகிறார்கள். அவருக்கு முதல் வருஷம் வருமானம் 30 பவுண்டு. 28 பவுண்டில் வாழ்ந்து, 2 பவுண்டு தர்மம் செய்தார். அடுத்த வருஷம் வருமானம் 60. அப்போதும் 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். மூன்றாம் வருஷம் 90 வந்தது, 62 கொடுத்தார். நான்காம் வருஷம் 120 வந்தது, 92 கொடுத்தார். வருமானம் நான்கு மடங்கு ஆன பிறகும் செலவு 28-ஐத் தாண்டவில்லை.

பணத்தைப் பற்றிய வெஸ்லியின் பிரசங்கம் 1760-இல் அச்சாகியது. முடிந்த மட்டும் சம்பாதி, முடிந்த மட்டும் சேமி, முடிந்த மட்டும் கொடு என்பது அதன் சாரம். அதில் சம்பாதிப்பதற்கும் அவர் வரம்பு கட்டுகிறார். உடம்பைக் கெடுத்துச் சம்பாதிக்கக் கூடாது. அடுத்தவன் தொழிலை நாசமாக்குவதற்காகச் சந்தை விலைக்குக் கீழே விற்கக் கூடாது. அவனுக்குத் தேவையான வேலையாளை ஆசை காட்டி இழுக்கக் கூடாது. இன்றைக்கு நம்மை நசுக்கப் பார்க்கும் பெரிய நிறுவனங்களைப் பற்றி நாம் சொல்லும் குறையும் இதுதானே! நமக்குள் ஒருவருக்கொருவர் இதைச் செய்யாமல் இருக்கிறோமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயதான காலத்தில், 1786-இல், வெஸ்லி ஒரு கவலையை எழுதி வைத்தார். பக்தி வந்தால் உழைப்பும் சிக்கனமும் வருகின்றன. உழைப்பும் சிக்கனமும் வந்தால் செல்வம் வருகிறது. செல்வம் வந்தால் அகம்பாவம் வந்து பக்தி தேய்கிறது. கொடுப்பதைத் தவிர இந்தச் சுழலிலிருந்து தப்ப வழி இல்லை என்பது அவர் முடிவு.

மளிகைக் கடையில் தொடங்கியது

நம் கடைகளில் எல்லாம் கேட்பரி சாக்லேட் விற்கிறோம். 1824-இல் பர்மிங்காம் நகரத்துப் புல் தெருவில் ஜான் கேட்பரி திறந்த ஒரு மளிகைக் கடைதான் அதன் ஆரம்பம். டீ, காபி, கொக்கோ விற்றார். அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பதினேழாம் நூற்றாண்டிலேயே, பேரம் பேசாமல் ஒரே விலை சொல்லி விற்பதற்குக் குவேக்கர் வியாபாரிகள் பெயர் பெற்றிருந்தார்கள். கூடச் சொல்லிக் குறைப்பது ஒரு வகைப் பொய் என்று அவர்கள் நினைத்தார்கள். சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அவர்கள் கடைக்குக் கூட்டம் வந்தது.

ஜான் கேட்பரியின் மகன் ஜார்ஜ் கேட்பரி பெரும் பணக்காரர் ஆனார். ஆனாலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம், ஞாயிறு காலை தோறும் பள்ளிக்கூடத்துக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களுக்குப் பாடம் நடத்தினார். அவர்கள் குடியிருந்த வீடுகளின் இருட்டும் நெருக்கடியும் அங்கேதான் அவருக்குத் தெரிய வந்தன. 1879-இல் தொழிற்சாலையை ஊருக்கு வெளியே போர்ன்வில் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். அதன் அருகில் தோட்டத்தோடு கூடிய வீடுகளைக் கட்டி, 1900-இல் 330 ஏக்கர் நிலத்தையும் 313 வீடுகளையும் ஒரு அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்பரி நிறுவனம் 2010-இல் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அறக்கட்டளை இன்றும் வீடுகளைப் பராமரித்து வருகிறது. வைத்துக்கொண்டது கை மாறிவிட்டது, கொடுத்தது நிலைத்திருக்கிறது.

நமக்குத் தெரிந்த மகமை

இதற்கெல்லாம் இங்கிலாந்து போக வேண்டியதில்லை. தென் மாவட்டத்து வணிகர்களுக்கு மகமை என்ற சொல்லை நான் விளக்க வேண்டுமா? வருகிற சரக்குக்கும் போகிற சரக்குக்கும் மூடைக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்கு எடுத்து வைத்த பணம் அது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலா பள்ளிக்கூடம் மகமையாலும், வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடி அரிசியாலும் வளர்ந்தது. பெருந்தலைவர் காமராஜர் சிறு வயதில் படித்த பள்ளி அது.

மகமையில் ஒரு நுட்பம் உண்டு. அது லாபத்திலிருந்து எடுப்பதில்லை. மூடை கைமாறும்போதே எடுத்து வைப்பது. லாபம் வந்தால் பார்ப்போம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. எங்கள் வேதத்தில் முதற்பலன், தசமபாகம் என்று சொல்வதும் இதே முறைதான். மிஞ்சியதைக் கொடுப்பவருக்கு எப்போதும் மிஞ்சாது.

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களும் இப்படிக் கைப்பிடி அரிசி எடுத்து வைத்தவர்கள்தான். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தியபோது, இந்தியர் பணத்தில், இந்தியர் நிர்வாகத்தில், இந்திய ஊழியர்களைக் கொண்டு நடத்துவது என்று உறுதி செய்தார்கள். அதை நிறுவியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. சா. அசரியா. 1912-இல் இவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

எங்கள் பக்கத்து ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை நடக்கும்போது வந்து பாருங்கள். வாழைத்தார், தேங்காய், பூசணி, சேவல் என்று அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். பிறகு ஏலம். இருபது ரூபாய்த் தேங்காயை இரண்டாயிரத்துக்குக் கேட்பார் ஒரு வியாபாரி. கடையில் ஐம்பது பைசாவுக்கு வாதாடுகிறவர் அவர்! எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அசனம் என்கிற பொதுச் சாப்பாட்டின்போது அவரும், அவர் கடையில் மூடை தூக்குகிறவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவார்கள். அவர் முகத்தில் அன்றைக்கு இருக்கிற களையை வருஷத்தில் வேறு எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை.

இது சீட்டுப் பணம் அல்ல

இந்த இடத்தில் எங்கள் கிறிஸ்தவ சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு கொடுத்தால் ஆண்டவர் ஆயிரமாகத் திருப்பித் தருவார் என்று சில பிரசங்கியார்கள் இப்போது தொலைக்காட்சியில் போதிக்கிறார்கள். இதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அப்படியானால் கடவுள் சீட்டுப் பிடிப்பவர், காணிக்கை நாம் கட்டுகிற தவணை என்று ஆகிவிடும். தவணை கட்டுகிறவன் எப்போது எடுப்பேன் என்றே கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்குச் சந்தோஷம் எங்கிருந்து வரும்? பவுல் சிறையிலிருந்துதான் மகிழ்ச்சியைப் பற்றி எழுதினார் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். வியாபாரத்தில் நஷ்டம் வந்தவரிடம் உன் விசுவாசம் போதாது என்று சொல்வது, விழுந்தவரை மிதிப்பதாகும்.

கொடுத்ததை விளம்பரம் செய்வதிலும் இதே கோளாறுதான். டியூப் லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் மறைகிற அளவுக்கு அதில் உபயம் என்று பெயர் எழுதுகிறோம். எல்லா மதத்தாருக்கும் இது பொது.

கொரோனா காலத்து நோட்டு

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மளிகைக் கடைக்கு அனுமதி இருந்தது. சரக்கு வரத்து குறைந்தது, தேவை கூடியது. அந்த நாட்களில் நம்மில் யார் எப்படி நடந்துகொண்டோம் என்பது அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் அப்போது செய்ததை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் கிறிஸ்தவர் அல்ல. அவர் கடை இருக்கிற பகுதியில் கட்டட வேலைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் அதிகம். வேலை நின்றுவிட்டது. இவர் பழைய இருப்பைப் பழைய விலைக்கே கொடுத்தார். காசு இல்லாதவர்களுக்குப் பற்று நோட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அறுபதாயிரத்துக்கு மேல் ஏறிவிட்டது. பின்னால் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக வசூல் ஆனது. சொந்த ஊருக்குப் போய்விட்டவர்கள், இறந்துபோனவர்கள் என்று மீதி நின்றுவிட்டது. அவர் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.

"நஷ்டம்தானே, வருத்தமில்லையா?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்த நோட்டை நான் தூக்கிப் போடவில்லை. மனசு சரியில்லாத அன்றைக்கு எடுத்துப் புரட்டிப் பார்ப்பேன். கடை திறந்து வைத்தது வீண் போகவில்லை என்று தோன்றும்" என்றார்.

சகேயுவின் சந்தோஷம் எப்படி இருந்திருக்கும் என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். வருஷக் கடைசியில் ஐந்தொகை போடும்போது அந்தத் தொகை நஷ்டத்தில்தான் வரும். ஆனால் அவருக்கு அந்த நோட்டைவிடப் பெரிய சொத்து கிடையாது.

நாம் செய்யக்கூடியவை

யோசனை சொல்லாமல் கட்டுரையை முடித்தால் வியாபாரிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே சிலவற்றைச் சொல்கிறேன்.

புதுக்கணக்குப் போடும் நாளில், வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தொகையை எழுதுங்கள். படிப்பு, மருத்துவம், கல்யாணம் எல்லாவற்றையும் சேர்த்து நியாயமாகவே எழுதுங்கள். விலைவாசி ஏறினால் அதற்குத் தக்கபடி ஏற்றுங்கள். வியாபாரம் ஏறியது என்பதற்காக மட்டும் ஏற்றாதீர்கள். நமக்குப் போதுமானது எது என்பதை முன்னாலேயே எழுதி வைக்காவிட்டால், பணம் வந்த பிறகு அதைத் தீர்மானிக்க நம்மால் ஆகாது.

கொடுக்க வேண்டியதை மகமை போல முதலிலேயே எடுத்து வையுங்கள். சிறிய கடையாக இருந்தால் ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் தனி டப்பாவில் போடுங்கள். தேவாலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைத்தான் இயேசுநாதர் பாராட்டினார். முடிந்தால் உங்கள் கையாலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். காசோலையாக அனுப்பினால் காரியம் நடக்கும், ஆனால் வாங்குகிறவர் முகத்தைப் பார்க்கிற பாக்கியம் கிடைக்காது.

கடைப் பிள்ளைகளைக் கவனியுங்கள். வேலையாட்கள் உட்காருவதற்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதிகாரி வந்து கேட்பார் என்று ஸ்டூல் வாங்குவது ஒன்று, அந்தப் பையனுக்கும் கால் வலிக்கும் என்று வாங்குவது இன்னொன்று. இரண்டுக்கும் விலை ஒன்றுதான்.

வாரத்தில் ஒரு நாள், அது முடியாவிட்டால் அரை நாளாவது, கடையை அடையுங்கள். எங்கள் கடை ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான். அதனால் போன வியாபாரம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் நான் இல்லாமலும் உலகம் நடக்கிறது, என் பிழைப்பு என் கையில் மட்டும் இல்லை என்பதை வாரம் ஒரு முறை அந்தப் பூட்டிய கதவு எனக்குச் சொல்கிறது. அன்றைக்கு ஆலயத்துக்குப் போகிறேன், பேரப்பிள்ளைகளோடு சாப்பிடுகிறேன். திங்கட்கிழமை காலை கடைக்கு வரும்போது சுமை குறைந்தது போல் இருக்கிறது.

லாபம் சம்பாதிப்பது நம் தொழில். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நியாயமான விலை, சரியான எடை, நாணயமான பேச்சு இவற்றால் வந்த லாபத்தை ஆண்டவர் கொடுத்ததாகவே நான் எண்ணுகிறேன். அவர் கொடுத்ததை அவரை மறந்துவிட்டு அனுபவிக்கப் பார்க்கும்போதுதான் அது கசந்துபோகிறது. நம் சங்க உறுப்பினர்கள் வரும் புதுக்கணக்கில் வரவு, செலவு, இருப்பு என்று எழுதும்போது, இந்த வருஷம் நம்மால் யார் வீட்டில் அடுப்பு எரிந்தது என்று ஒரு வரியும் எழுதிப் பார்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

வளர்க வணிகம்! வாழ்க வணிகர் ஒற்றுமை!